'கெட்' என்ற ஒற்றைச் சொல்லும் உன் ஜெர்மனும்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய ஜெர்மன் பத்தியைப் படித்தேன். எழுத்துப் பிழை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் 'களைப்பாகிறது' என்பதற்கு 'இஷ் பெகொமெ மியூடெ' என்று எழுதியிருக்கிறாய். பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. முதலில் ஆங்கிலத்தில் 'கெட்' (get) போட்டு யோசித்திருக்கிறாய், அப்புறம் அகராதியில் அதற்கு நேரே இருந்த பெகொமெனை எடுத்துப் போட்டுவிட்டாய்.

ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதே, தமிழிலிருந்து நேரே போ. ஆங்கிலம் பல இடத்தில் 'கெட்' ஒன்றையே ஓட்டும், நாம் அப்படி எல்லாவற்றுக்கும் ஒரே வினையை ஓட்டுவதில்லையே. பரிசு கிடைக்கிறது, முகம் சிவப்பாகிறது, புத்தகத்தைப் போய் எடுத்து வருகிறோம், ரயிலில் ஏறுகிறோம். ஜெர்மனும் இப்படித்தான் பிரிக்கிறது. கிடைப்பதற்கு பெகொமென், ஆவதற்கு வேர்டென், போய் எடுத்து வருவதற்கு ஹோலென். ரயிலில் ஏற ஐன்ஷ்டைகென், இறங்க ஔஸ்ஷ்டைகென், வேறு ரயில் மாற ஊம்ஷ்டைகென். வழி தவறுவதில் மட்டும் அவர்கள் நம்மைவிடக் கறார்: நடந்து போய்த் தவறினால் ஃபெர்லௌஃபென், வண்டி ஓட்டிப் போய்த் தவறினால் ஃபெர்ஃபாரென்.

ஆகவே உன் வாக்கியம் 'இஷ் வேர்டெ மியூடெ' என்று இருக்க வேண்டும். ஒன்றைக் கவனி: வேர்டெக்குப் பின்னால் வினை அகராதியில் இருக்கும் வடிவிலேயே வந்தால் அது எதிர்காலம். 'இஷ் வேர்டெ ஷ்லாஃபென்' என்றால் தூங்குவேன்.

பெகொமெனை நம் 'பெறு'வோடு சேர்த்து வைத்துக்கொள். இரண்டும் ஆச்சரியமாகப் பொருந்தும். கடிதம் பெறலாம், பரிசு பெறலாம், பிள்ளையும் பெறலாம். ஜெர்மனிலும் பிள்ளை பெறுவதற்கு பெகொமென்தான்: 'ஸீ ஹாட் ஐன் கிண்ட் பெகொமென்', அவள் ஒரு பிள்ளை பெற்றாள். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. 'வாங்கு' மட்டும் ஜாக்கிரதை. மார்க் வாங்கினால் பெகொமென், காசு கொடுத்து வாங்கினால் கௌஃபென்.

தமிழும் ஓரிடத்தில் காலை வாரிவிடும். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்றால் வெட்டியது முடிதிருத்துபவர் என்று நமக்குத் தெரியும். அதை அப்படியே 'இஷ் ஹாபெ மிர் டீ ஹாரெ கெஷ்னிட்டென்' என்றால், நீயே கத்தரி எடுத்து வெட்டியதாக நினைப்பார்கள். பிறரைக் கொண்டு செய்விப்பதற்கு லாசென் வேண்டும்: 'இஷ் லாசெ மிர் டீ ஹாரெ ஷ்னைடென்'. வண்டியைப் பழுது பார்க்கக் கொடுத்தாலும், சட்டை தைக்கக் கொடுத்தாலும் இதே லாசென்தான்.

இந்த 'கெட்' ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்தது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனில் அதே வேர் 'மற' என்று பொருள்படும் ஃபெர்கெஸென் என்ற வினைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஃபர்கெட்' அதற்கு உடன்பிறப்பு.

பேச்சில் பெகொமெனுக்குப் பதிலாக கிரீகென் என்று அடிக்கடி கேட்பாய். போர் என்று பொருள்படும் கிரீக் என்ற சொல்லுக்கு உறவு. ஒன்றை அடையப் பாடுபடுவது என்ற பழைய பொருளிலிருந்து வந்தது, இன்று அதில் சண்டை வாடை எதுவும் இல்லை. நண்பர்களிடம் தாராளமாகச் சொல். அலுவலகத்துக்கு எழுதும்போது மட்டும் வேண்டாம், அங்கே 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்பதற்கு எர்ஹால்டென் போடு.

அடுத்த தடவை லாசென் வைத்து நாலைந்து வாக்கியம் எழுதி அனுப்பு. மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும், அந்த ஒன்றில்தான் உன்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்.

அன்புடன்,
அம்மா