வணிகத்துக்கு அல்ல என்று எழுதுவதற்கு முன்

நாகர்கோவில்

மக்களே,

இணையத்தில் இலவசமாக வெளியிட நீ சேர்த்து அனுப்பிய படத் தொகுப்பைக் கடைக் கணினியில் இறக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கணினியில் வரைவதற்கான வலை முடிச்சுத் தூரிகைகள் நன்றாக வந்திருக்கின்றன. குளச்சலில் வலையைக் கையில் பிடித்துப் பார்த்தவன் வரைந்தது என்று தெரிகிறது. பனையோலை முடைவும் ஓட்டுக்கூரைப் பாசியும் குறை சொல்ல முடியாதவை. சுசீந்திரம் தூண்களைப் பார்த்து வரைந்த கொடிக்கருக்கு ஓரங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. யாளியின் முகத்தில் மட்டும் கோபம் போதவில்லை.

படங்களைப் பற்றி நீ கேட்கவில்லை, உரிமக் குறிப்பைத்தான் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், வணிகத்துக்கு அல்ல' என்று ஒரே வரி. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரி சரி" என்று முடித்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இந்த வரி யாரைத் தடுக்கும் என்று யோசித்தாயா? தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ சின்ன டி.டி.பி. கடை வைத்திருப்பவரை நினைத்துக்கொள். அங்கே ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அட்டை, கொடை விழா நோட்டீஸ், நினைவஞ்சலி சுவரொட்டி என்று காலையிலிருந்து வடிவமைக்கிறாள். உன் ஓரம் அவளுக்குப் பிடிக்கிறது. குறிப்பைப் படிக்கிறாள், வணிகத்துக்கு அல்ல என்று இருக்கிறது, மூடிவிடுகிறாள். போன வருடம் உன் வலை வடிவத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றவர் இருக்கிறாரே, அவர் எந்தக் குறிப்பையும் படித்திருக்க மாட்டார். அவர் மேலுள்ள கோபத்தில் நீ எழுதிய வரி அவரைத் தொடாமல் அந்தப் பெண்ணின் மேல் போய் விழுகிறது. உன் அம்மையும் பத்திரிகை அச்சடித்துத்தான் பிழைக்கிறேன். உன் வரிப்படி நானும் இதைத் தொட முடியாது.

டி-ஷர்ட்காரரைச் சமாளிக்க வேறு வழி இருக்கிறது. படத்தை வரைந்து முடித்த அந்த நொடியிலேயே பதிப்புரிமை உனக்கு வந்துவிடுகிறது. நம் நாட்டில் பதிவு கட்டாயம் இல்லை. பதிவுச் சான்றிதழ் வழக்கு என்று வரும்போது முதல்நிலைச் சாட்சியாக உதவும், அவ்வளவுதான். அதைவிட, அடுக்கடுக்காகச் சேமித்த உன் மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரப்படுத்து. எவராவது விற்றால், விற்கும் இணையதளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படியும் 2013-இல் வந்த விதிகளின்படியும், புகார் சரியானது என்று அவர்களுக்குத் தோன்றினால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீ நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். அலைச்சல்தான். ஆனால் 'வணிகத்துக்கு அல்ல' என்ற வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அலைச்சல் அதேதான்.

இன்னொன்று, 'வணிகம்' எங்கே தொடங்குகிறது என்று உன்னால் சொல்ல முடியுமா? படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் ஆயத்த உரிமங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ், அவற்றிலும் இந்த நிபந்தனை கொண்ட வகை உண்டு. வணிக ஆதாயத்தையோ பண ஈட்டையோ முதன்மையாக நோக்காத பயன்பாடு என்று அவர்கள் விளக்குகிறார்கள். பயன்படுத்துபவர் யார் என்பதைவிடப் பயன்பாடு எப்படிப்பட்டது என்பதே அங்கே கணக்கு. அப்படியும் சந்தேகம் தீராது. பங்குப் பேராலயத் திருவிழா மலரில் பாதிப் பக்கம் விளம்பரம் இருக்கும், அது வணிகமா? கட்டணம் வாங்கி ஓவிய வகுப்பு எடுக்கும் ஆசிரியர்? ஒவ்வொருவரும் உனக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பார்கள். நீ வேலையை விட்டுவிட்டுப் பதில் எழுதிக்கொண்டிருப்பாய். விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் வரும் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் இந்த நிபந்தனை உள்ள படங்களை ஏற்பதே இல்லை. குமரி மாவட்டத்துக் கட்டுரைகளில் உன் படங்கள் வர வேண்டும் என்று சொல்வாயே, அதற்கும் இந்த வரி தடை.

என் யோசனை, தொகுப்பைப் பிரித்துவிடு. ஓரங்களும் தூரிகைகளும் ஒரு பக்கம், முழு ஓவியங்கள் இன்னொரு பக்கம்.

ஓரங்களுக்கு எந்த நிபந்தனையும் வேண்டாம். எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ போட்டு விட்டுவிடு. நம் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் ஆசிரியர் தன் உரிமையைப் பொது அறிவிப்பின் மூலம் துறக்க இடம் தருகிறது. 'பெயர் குறிப்பிட வேண்டும்' என்று கேட்டால் என்ன குறை என்பாய். கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார். பெரியவர்கள் பெயர், மணமக்கள் பெயர், தாய்மாமன்கள், பட்டங்கள், நல்வரவை நாடுவோர். ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போனதற்காக மொத்தத்தையும் மறுபடி அச்சடித்த வீடுகள் உண்டு. அதில் 'ஓரம் வரைந்தவர்' என்று உன் பெயரை எங்கே நுழைப்பது? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் போடுவோம், அதையே எடுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். கடைப்பிடிக்க முடியாத நிபந்தனையை வைத்தால் நல்லவர்களையும் மீறுபவர்களாக்கிவிடுவாய்.

ஓவியங்களுக்குப் பெயர் கேள், தயங்காதே. கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிடு' உரிமத்தின் 4.0 பதிப்பில் பெயரும் உரிமத்துக்கான இணைப்பும் போட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும். எங்கே, எப்படி என்பது இடத்துக்குத் தகுந்தபடி. பெயரை விட்டுவிட்டவர் விஷயம் தெரிந்து 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை தானாகவே அவருக்குத் திரும்பிவிடும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, மறந்துபோனவரும் திருடியவரும் ஒன்றல்லவே. சில ஓவியங்களில் காசு பார்க்க வேண்டும் என்றால் அவற்றைத் தொகுப்பில் சேர்க்காதே. விலை போட்டுத் தனியாக விற்றுவிடு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலில் இலவசமாக விட்டுவிட்டு அப்புறம் மனம் மாற இடமில்லை. இந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. நீ உன் தளத்திலிருந்து எடுத்துவிட்டாலும், முன்பே எடுத்துவைத்தவர்களுக்கு அந்த அனுமதி தொடரும். ஒரு வாரம் யோசித்துவிட்டு வெளியிடு.

இனி, தொகுப்பில் உன்னுடையது அல்லாதவை. இதில்தான் எனக்கு உண்மையான கவலை.

'அலுவலகம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. அந்தப் பாறைகளையும் மரங்களையும் நீ வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணினி விளையாட்டுக்காக வரைந்தாய் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவற்றின் முதல் உரிமையாளர் நிறுவனம்தான். 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இரவில் வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன் என்பாய். வேலை ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கலாம், எடுத்துப் படி. அதுவரை அந்தக் கோப்புறை வெளியே போகக் கூடாது.

நகை செய்யும் வடசேரி மாமாவின் நோட்டுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாய். ராக்கொடி, ஜடைநாகம், மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த வடிவங்கள். அவற்றைப் பார்த்து நீயே வரைந்தால் எவரும் கேட்க முடியாது. ஆனால் அந்த நோட்டில் உள்ள கோடுகள் மாமா போட்டவை. நகை செய்பவர் ஓவியர் இல்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அவரிடம் கேட்டு, எதற்கு, எந்த நிபந்தனையில் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. "நம்ம மாமாதானே" என்று விடாதே, நம்ம மாமா என்பதால்தான் கட்டாயம் கேட்க வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் வா. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது, தொகுப்புக்கு அந்தப் பெயரைத் தலைப்பாக வைக்கும் எண்ணத்தையும் விட்டுவிடு.

பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்கள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் நீ சேர்த்திருப்பது ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த புகைப்படம். ஓவியத்தின் வயது புகைப்படத்துக்கு வராது. நேரில் போய்ப் பார்த்து நீயே வரை. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. கேமராவுக்கு அவர்கள் என்ன விதி வைத்திருக்கிறார்களோ அதையும் வாசலில் கேட்டுக்கொள், அது பதிப்புரிமையிலிருந்து வேறான சங்கதி. ரவிவர்மா கதையும் இதேதான். ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை, அவர் இறந்தது 1906-இல். அவர் வரைந்த லட்சுமியை எவரும் எடுக்கலாம். அதே லட்சுமியைச் சென்ற வருடம் காலண்டருக்குப் புதிதாக வரைந்தவரின் படத்தை எடுக்க முடியாது.

வள்ளுவர் சிலை உனக்குத் தலைவலி தரும் என்று பயந்திருந்தாய். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பத்தைப் புகைப்படம் எடுக்கலாம், ஓவியமாகவோ கோட்டுச் சித்திரமாகவோ வரையலாம், வெளியிடலாம் என்று 52-ஆம் பிரிவே விலக்குத் தருகிறது. கணபதி ஸ்தபதி எழுப்பிய அந்தச் சிலை 2000-ஆம் ஆண்டிலிருந்து கடலில் நிற்கிறது. உன் நீர்வண்ணப் படங்களுக்கு ஆபத்தில்லை. அதோடு ஒரு முப்பரிமாண மாதிரிக் கோப்பும் வைத்திருக்கிறாயே, எவர் வேண்டுமானாலும் பொம்மையாக அச்சிட்டுக்கொள்ளும்படி, அதை எடுத்துவிடு. விலக்கில் சொல்லியிருப்பது ஓவியம், வரைபடம், செதுக்குப்படம், புகைப்படம் ஆகியவைதான். சிலையிலிருந்து சிலை செய்வது அதில் இல்லை.

எழுத்துருக்களையும் உள்ளே போட்டிருக்கிறாய். கேடமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவை. கூடவே கொடுக்கலாம், உரிமக் கோப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. நான்காவது ஒன்று இருக்கிறது, எங்கள் அச்சகங்களில் சி.டி. வழியாகக் கைமாறிக்கொண்டிருந்த பழைய எழுத்துரு. எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. நீக்கிவிடு.

உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய், காசு வாங்காமல் கொடுத்தால் பிறர் படங்களைச் சேர்ப்பதும் 'நியாயமான பயன்பாடு' ஆகிவிடும் என்று. அவன் அமெரிக்கக் காணொளிகளைப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன். அங்கே நான்கு அளவுகோல்களை வைத்து நீதிமன்றம் எடைபோடும். நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விரித்துவைக்கவில்லை. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி என்று நோக்கங்களைப் பெயர் சொல்லி அடைக்கிறது. வகுப்பில் ஆசிரியர் பாடத்துக்காக நகலெடுப்பது போன்றவற்றுக்குத் தனித்தனி விலக்குகள் உண்டு. ஒருவரின் படத்தை உன் கணினியில் வைத்து நீ பழகலாம். அதைப் பற்றி விமர்சனம் எழுதும்போது அந்தப் படத்தைக் காட்டலாம். கட்டி மூட்டையாக்கி ஊருக்கு விநியோகிப்பது இதில் எதிலும் அடங்காது. 'முப்பது சதவீதம் மாற்றினால் போதும்' என்ற கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. கருத்துக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொல்லிவிட்டது. அதனால் மீன்வலையை யாரும் வரையலாம், உன் வலையை நகலெடுக்கத்தான் முடியாது. 'நன்றி: இணையம்' என்று போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர் நோட்டீஸ்களில் பார்த்து நீயே சிரித்திருக்கிறாய்.

பிறர் 'அதே நிபந்தனையில் பகிர வேண்டும்' என்று கொடுத்த புகைப்படத்திலிருந்து பாசித் தூரிகையைச் செய்தாய் என்றால், அந்தத் தூரிகைக்கு ஜீரோ போட முடியாது. அதை அதன் உரிமத்தோடு தனியாக வை, எடுத்த இடத்தையும் குறிப்பிடு. இல்லாவிட்டால் நம் வீட்டுப் பின்சுவரையே படம் எடுத்து அனுப்புகிறேன். இந்த மழைக்கு வேண்டிய மட்டும் பாசி பிடித்திருக்கிறது.

உரிமக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுது. உரிமத்தின் முழுப் பெயர், பதிப்பு எண், இணைப்பு, உன் பெயரை எப்படிப் போட வேண்டும் என்ற மாதிரி வரி, இவை போதும். ஒவ்வொரு படக் கோப்பின் உள்விவரத்திலும் (கோப்புக்குள் மறைந்திருக்கும் தகவலில்) சேர். அதோடு, கோப்பின் பெயரிலேயே உரிமத்தைச் சுருக்கமாகப் போடு. எங்கள் கடைகளுக்குப் படங்கள் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன, அங்கே உள்விவரம் கழன்றுவிடும்.

ஓரங்களை மட்டும் முதலில் அனுப்பு, உரிமக் கோப்போடு. ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை வரும் வாரம் தொடங்குகிறது. அதில் இரண்டு வீட்டுக்காரர்களுக்குக் காட்டலாம் என்றிருக்கிறேன். குறிப்பு வராமல் நான் தொடமாட்டேன்.

உன் அம்மை