செயலாளர் ஆண்டறிக்கை: பொதி கட்டுவதும் துணை தேடுவதும்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்து உறுப்பினர்களே, இன்று பார்வையாளராக வந்திருக்கும் சைக்கிள் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் காரைக்குடி சைக்கிள் சங்கத்தில் கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நடந்தவற்றை இங்கே வைக்கிறேன். எத்தனை கூட்டம், யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் பங்குக்கு, பாதியில் திரும்பிய சைக்கிள் பயணங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அவற்றை மழையும் திருப்பவில்லை, மேடும் திருப்பவில்லை. பொதியைப் புறப்படுகிற முதல்நாள் ராத்திரி கட்டினார்கள். துணைக்கு வருகிறவரைப் புறப்படுகிற காலையில்தான் பார்த்தார்கள். கோளாறு அங்கே தொடங்கியது.

பொதி

ஃப்ரேமோடு ஒட்டிக் கட்டும் பைகள் அலாஸ்காவின் பனிப்பாதையிலும் வட அமெரிக்காவின் கிரேட் டிவைட் மலைப்பாதையிலும் பழகி வந்தவை. அங்கே கூடாரமும் குளிருக்கான படுக்கையும்தான் பெரிய சுமை. நமக்கு ஒரு போர்வை, ஒரு பாய், ஒரு கொசுவலை இருந்தால் ராத்திரி கழிந்துவிடும். நம்முடைய சுமை தண்ணீர். வெயில் ஏறிவிட்டால் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று உடம்பு கேட்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. கிராமத்துச் சாலைகளில் போகிறவர் 3 லிட்டருக்காவது இடம் வைத்திருக்க வேண்டும். ஊருணித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல், வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ஆகவே, பை வாங்கப் போகிறவர் முதலில் தண்ணீர் எங்கே உட்காரும் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு மற்றதை யோசிக்கட்டும். ஃப்ரேம் முக்கோணத்தை முழுசாக அடைக்கிற பையை ஆசையாக வாங்கிவிட்டுத் தண்ணீரை முதுகில் சுமந்தவர்களுக்கு, 40 கி.மீ. தாண்டியதும் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். பாதி முக்கோணத்துக்கு மட்டும் பை, கீழே இரண்டு புட்டி என்பதுதான் நம் ஊருக்குச் சரி.

சீட்டுக்குப் பின்னால் நீட்டிக் கட்டும் சீட் பையைப் பற்றித்தான் இந்த ஆண்டு அதிகம் கேட்டார்கள். சீட்டின் அடிக்கம்பிக்கும் டயருக்கும் நடுவே 20 செ.மீ. ஆவது இருந்தால்தான் இந்தப் பை ஒத்துவரும். உயரம் குறைந்த ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிட வேண்டும். பையை நிறைத்துக் கட்டியபின் ஒருவர் ஏறி உட்கார்ந்து குலுக்க, இன்னொருவர் குனிந்து பைக்கும் டயருக்கும் இடையில் நான்கு விரலை விட்டுப் பார்க்கட்டும். விரல் நுழையவில்லையென்றால் முதல் பள்ளத்திலேயே டயர் பையைத் தின்றுவிடும். பை வாலாட்டுகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கனமான சாமானை வால் பக்கம் வைத்திருப்பார்கள். ட்யூப், டூல், செயின் இணைப்பு போன்ற சின்னக் கனங்கள் சீட் கம்பத்தை ஒட்டி மூக்குப் பகுதியில் போக வேண்டும். துணி அதற்குப் பின்னால். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை மூன்று சுற்றாவது சுருட்டிப் பூட்டி, கடைசியில் சீட் கம்பியோடு சேர்த்து இழுக்க வேண்டும். 10 கி.மீ. போனதும் துணி அமுங்கி வார் தளர்ந்திருக்கும்; நிறுத்தி மறுபடி இழுக்காதவருக்கு மீதிப் பாதை முழுவதும் ஆட்டம்தான்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் பேனியரா, ஃப்ரேம் பைகளா என்ற பட்டிமன்றத்துக்குச் சங்கத்தில் முடிவே கிடையாது. என் கருத்து இது. தேவகோட்டை வழியாகத் தொண்டிக் கடற்கரைக்குத் தார்ச்சாலையிலேயே போய் வருகிறவருக்குக் கேரியரும் இரண்டு பேனியரும் போதும். சாமான் எடுக்க வைக்கச் சுலபம், விலையும் குறைவு. கண்மாய்க் கரை வழியாகப் போகிறவருக்குப் பேனியர் ஆகாது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் நெருங்கி நிற்கிற ஒற்றையடிப் பாதையில், பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முள் இழுத்துக் கிழிக்கும், சில இடத்தில் ஆளையே சாய்த்துவிடும். குதிகால் பேனியரில் இடிக்கிறது என்றால், பையைக் கேரியரில் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். தள்ள இடமில்லாத குட்டைக் கேரியருக்குப் பெரிய பை வாங்குவது வீண்.

கேரியரை முறிக்கிறது கனமில்லை, கழன்ற போல்ட். செம்பூறாங்கல் சரளையில் ஓடுகிற அதிர்வுக்கு எம்5 போல்ட், அதாவது 5 மி.மீ. போல்ட், தானாகச் சுற்றிக் கழலும். மாட்டும்போதே மரையில் ஒரு சொட்டு நீலநிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) விடுங்கள். தினமும் காலையில் ஆலன் கீ வைத்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உருளைத் தலை போல்டுக்கு 4 மி.மீ., கவிழ்ந்த கிண்ணம் மாதிரித் தலை உள்ள போல்டுக்கு 3 மி.மீ.; இரண்டும் கையில் இருக்க வேண்டும். உதிரியாக நான்கு போல்ட்டை ஃப்ரேமில் காலியாக இருக்கும் மரையிலேயே திருகி வைத்துவிட்டால் தேட வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டியில் கேரியர் கால் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தில்) இடிக்கிறது என்று நீள போல்ட்டும் வாஷர் அடுக்குமாகக் கொடுத்துத் தள்ளி மாட்டித் தருகிறார்கள். போல்ட் எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவுக்கு நெம்பும். ஒருநாள் மரைக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டிஸ்க் வண்டிக்கென்று கால் வளைத்துச் செய்த கேரியரே வாங்குங்கள். சீட் கம்பத்தைக் கவ்வி நிற்கும் கேரியரில் 8 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அது பக்கவாட்டில் திரும்பிவிடும்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைவிட, பால்காரர்கள் கேன் கட்டும் பழைய ட்யூப் வார் எவ்வளவோ மேல். ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கிழித்துக்கொள்ளலாம். அவிழ்ந்தாலும் தொங்கும், அவ்வளவுதான். கொக்கி அவிழ்ந்தால் ஆரக்காலுக்குள் போய்ச் சக்கரத்தைப் பிடித்துவிடும்.

முன்பக்கம் ஹேண்டில்பாரில் 3 கிலோ தாண்டினால் திருப்புவது கனத்துப்போகும். அங்கே போர்வையும் கொசுவலையும் போகட்டும். அவற்றைச் சுருட்டிய உருளையை இறுக்கும்போது பிரேக், கியர் கேபிள்கள் நசுங்காமல் பார்க்க வேண்டும். புறப்பட்டதும் கியர் குதிக்கிறது என்று டிரெய்லியரை (செயினைப் பல்மாற்றும் கருவியை) திருகிக் கெடுத்தவர்கள் முதலில் பை வாரைத் தளர்த்திப் பார்த்திருக்கலாம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் புட்டிக் கூண்டு மாட்டினால் பக்கத்துக்கு ஒன்றரை லிட்டர் புட்டி நன்றாக உட்காரும். ஃபோர்க்கில் துளை இல்லையென்றால் துளை போடவே கூடாது. ட்யூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் தண்ணீர்க் குழாய்க் கடையில் கிடைக்கும் ஹோஸ் கிளிப்பைப் போட்டு இறுக்கலாம். கார்பன் ஃபோர்க்கில் அதுவும் வேண்டாம்.

நம்முடைய செம்மண் புழுதிக்கு ஒரு குணம் உண்டு. வாருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே புகுந்துவிட்டால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். இரண்டு நாளில் பெயின்ட் போய் உலோகம் தெரியும். வார் படுகிற இடமெல்லாம் புறப்படும் முன்பே தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். பின்விளக்கைச் சீட் பையின் வளையத்தில் மாட்டாதீர்கள். பை சரிந்தால் விளக்கு வானத்தைக் காட்டும், லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. ஃப்ரேமின் பின்கம்பியில் மாட்ட வேண்டும்.

பை தைக்கும் பயிற்சி இந்த ஆண்டு நன்றாக நடந்தது. பைக் சீட் தைக்கிறவரிடம் கொடுத்தாலே நல்ல ஃப்ரேம் பை கிடைக்கும்; அளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அட்டையை முக்கோணத்துக்குள் வைத்துக் குழாயின் உள்விளிம்பைப் பென்சிலால் வரைந்து, சுற்றிலும் அரை செ.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். புட்டி வைக்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள். அகலம் 6 செ.மீ. போதும், கூடினால் பை உப்பி முழங்காலில் உரசும். ஜிப் பெரிய பல்லாக, 8 அல்லது 10 ஆம் எண்ணாக இருக்கட்டும். சின்னப் பல்லில் புழுதி ஏறினால் ஒரே பயணத்தில் வாய் பிளந்துவிடும். அவ்வப்போது மெழுகுவர்த்தியை ஜிப்பில் தேய்த்தால் ஓட்டம் லேசாகும். தார்ப்பாய்த் துணி நீரைத் தாங்கினாலும் தையல் துளை தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. நம் ஊர்க் கல்யாண வீட்டில் சாமான் பரப்புகிற மாதிரி, கொண்டுபோக நினைக்கும் அத்தனையையும் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) பரப்பி வையுங்கள். வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் ‘இது எதுக்கு?’ என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வராத சாமான் வீட்டிலேயே இருக்கட்டும். பலகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சீப்புச்சீடையும் மாவுருண்டையும் சீட் பையில் போனால் அரைமணியில் பொடி. அதிரசம் தாங்கும். சீடை வேண்டுமென்பவர்கள் டப்பாவில் போட்டு ஃப்ரேம் பையில் வைக்கவும்.

முள்

சீமைக்கருவேல முள் குத்தினால் நுனி டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அதே முள் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் சுற்றித் துடைத்தால் நுனி இருக்கும் இடத்தில் துணி மாட்டும். அதை வெளியிலிருந்து சிறு இடுக்கியால் இழுத்தெடுக்க வேண்டும். சொலூஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டக் கூடாது. ஐந்து நிமிஷம் உலர்ந்து பளபளப்பு மங்கிய பிறகுதான் ஒட்டுத்துண்டு பிடிக்கும். ட்யூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பராகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கிராமத்துச் சைக்கிள் கடையில் நம் வண்டிகளின் 700சி அளவு ட்யூப் கிடைக்காது. அங்கே இருப்பது 28 இன்ச், அதாவது 635 மி.மீ. ரிம்முக்கானது, நம்முடையது 622. டயர் சேராது. ட்யூப் இழுபடும் என்பதால் அவசரத்துக்கு ஓடும், ஆனால் அதன் வால்வு தடிமன். நம் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் போட்ட சின்னத் துளையில் நுழையாது. ஆகவே ஆளுக்கு இரண்டு ட்யூப், ஊர்ப் பம்ப்பில் காற்றடிக்க ஒரு வால்வு அடாப்டர் கட்டாயம்.

துணை

நல்ல நண்பர் நல்ல வழித்துணையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணக்கைப் பாருங்கள். 70 கி.மீ. தூரம், பொதியோடு ஒருவர் மணிக்கு 15 கி.மீ., இன்னொருவர் 18. காலை 5 மணிக்குப் புறப்பட்டால் ஒருவர் 9 மணிக்கு முன்பே போய்விடுவார், மற்றவருக்கு 9.40 ஆகும். முன்னவர் நிழலில் முக்கால் மணி காத்திருக்கிறார், பின்னவர் அந்த முக்கால் மணியையும் வெயிலில் மிதிக்கிறார். மூன்றாம் நாள் இருவருக்கும் பேச்சு நின்றுவிடும். இதில் யார் மீதும் தப்பு இல்லை. வேகத்தை முன்கூட்டிச் சொல்லிக்கொள்ளவில்லை, அதுதான்.

அதனால் அறிவிப்புப் பலகையில் ‘துணை தேவை’ என்று சீட்டு ஒட்டுகிறவர்கள் இனி இவற்றை எழுத வேண்டும்: நாளும் வழியும், பொதியோடு தன் வேகம், ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ., காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே படுப்பது, சைவமா அசைவமா, ஒரு நாள் செலவுக்கு உச்சவரம்பு, நடுவில் முடியாமல் போனால் எப்படித் திரும்புவது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாத சீட்டுகள்தான் அதிகம். ‘ஜாலியா ஒரு ரைடு, யாரும் வரலாம்’ என்ற சீட்டைச் செயலாளர் கிழித்துவிடுவார். கைபேசி எண்ணைப் பலகையில் எழுத வேண்டாம் என்று மகளிர் உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை, இனி எண்கள் செயலாளரின் நோட்டில் மட்டும் இருக்கும், இருவரும் சம்மதித்தால் கொடுக்கப்படும். முதல் சந்திப்பு ஒத்திகை ஓட்டத்தில், பலர் நடுவில்.

எத்தனை பேர் போகலாம்? மூன்று அல்லது நான்கு. இரண்டே பேராகப் போய் ஒருவருக்கு அடிபட்டால், உதவி தேடப் போக அவரைத் தனியே விட வேண்டிவரும். ஆறுக்கு மேல் போனால் பஞ்சரும் கூடும், டீக்கடையில் நிற்கிற நேரமும் கூடும். பம்ப், செயின் கட்டர், மருந்துப் பை ஆகியவை குழுவுக்கு ஒன்று போதும். ஆனால் அவற்றைச் சுமப்பவர் கடைசியில் வர வேண்டும். டூல் முன்னால் போய்விட்டால் பின்னால் நிற்பவர் பாடு திண்டாட்டம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதன்மேல் எழுதியிருக்கிற முழு அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பாதிப் புட்டியில் கொட்டிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

பொதுச் செலவுக்கு ஒரே பணப்பை, ஒரே நோட்டு, அன்றைய கணக்கு அன்று ராத்திரியே. கணக்கு எழுதுவதில் பேர்வாங்கிய ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

மற்றவை

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். அந்த நாட்களில் அந்தச் சாலையில் சங்கப் பயணம் வைப்பதில்லை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பொதியோடு இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் விட்டு, இப்படியே வர வேண்டும். வேட்டங்குடிக்குப் போகிறவர்கள் பறவைகள் இருக்கும் காலத்தில் பெல் அடிக்காமல் போகவும்.

ரயிலில் சைக்கிள் ஏற்றுவதற்குக் காரைக்குடியிலேயே புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. நடுவழி நிலையங்களில் இரண்டு நிமிஷ நிறுத்தத்தில் ஏற்றுவது நடக்காத காரியம். பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்குழு ஒப்புதலுக்கு ஒரே ஒரு தீர்மானம். இரண்டு நாளுக்கு மேற்பட்ட எந்தச் சங்கப் பயணத்துக்கும், பத்து நாள் முன்னதாக, முழுப் பொதியோடும் முழுக் குழுவோடும் 40 கி.மீ. ஒத்திகை ஓட வேண்டும். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று சுற்றி, மீதித் தூரத்தைக் கண்மாய்க் கரையில் முடிக்கலாம். ஒத்திகைக்கு வராதவர் பெயர் பட்டியலில் சேராது.

கடைசியாக, சங்கச் சாமான்களில் ஃபோர்க் கூண்டு இரண்டும் தரைப் பம்ப் ஒன்றும் இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்துப்போனவர்கள் யாரென்று நோட்டில் இருக்கிறது. இங்கே பெயர் வாசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து வைத்துவிடவும்.

செயலாளர்