மூன்றாவது கட்டம்

என் பழைய மாணவ ஆய்வாளர்களுக்கு,

போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறாள். “மிஸ், அன்னைக்கு நாம வச்சிருந்த கேள்வித்தாளை எங்க பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மாத்தி எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள். எடுத்துக்கோ என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. அந்தத் தாளில் என்னுடையது என்று பார்த்தால் தலைப்பும் வரிசை எண்களும்தான். இளையோரின் அடையாளம், குடும்பம், மனநலம் என்று பெரிதாகத் தலைப்பு வைத்த ஆள், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘களப்பணியில் உதவிய மாணவர்களுக்கு நன்றி’ என்று ஒற்றை வரியோடு முடித்துக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வும் பெற்றாயிற்று. அந்தப் பாக்கியை இங்கே நாலு பேர் பார்க்க அடைக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு கூடிய மாவட்டம் நம் கன்னியாகுமரி. தாளைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் தாமே நிரப்பித் தந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் ஞாபகம் இருக்கிறதா? கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தாய் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 25, அதை நாலால் பெருக்கினால் நூற்றுக்கு. அதன் முதல் வரியை ‘உற்சாகமாகவும் நல்ல மனநிலையிலும் இருந்தேன்’ என்று அச்சடித்திருந்தோம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) தொழிலாளியின் மகள் அதைப் படித்துவிட்டு, “மனநிலைன்னா... கிறுக்கான்னு கேக்கியளா?” என்றாளாம். அளவுகோலின் சொல்லில் கை வைத்தால் பிற ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உங்களில் குலசேகரத்துக்காரி என்னோடு வாதாடவில்லை. அச்சிட்ட வரியை அப்படியே வாசித்துவிட்டு, கீழே பென்சிலில் எழுதி வைத்திருந்த இன்னொரு வரியையும் சொன்னாள்: ‘மனசுல வெப்ராளம் இல்லாம சொகமா இருந்துதா?’ வெப்ராளம், அதாவது மனத்தவிப்பு, என்ற நம் ஊர்ச் சொல் வந்த பிறகுதான் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள்.

அடையாளம் பற்றிய பகுதியிலும் அடி வாங்கினேன். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-ல் அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர்களிடம் பேசி, இளையோர் தம் அடையாளத்தை அடையும் நிலைகளை நாலு வகையாகப் பிரித்தார். தானாகத் தேடிப் பார்க்காமல் வீட்டார் சொன்னதை ஏற்றுக்கொள்வது அதில் ஒரு வகை. அம்மா சொன்னார் என்று நர்சிங் சேர்ந்த பெண்களையெல்லாம் நான் மளமளவென்று அந்தப் பெட்டியில் போட்டேன். “அவ தேடாம ஒண்ணும் எடுக்கல்ல மிஸ். தம்பி படிப்பு, வீட்டு லோன், கல்ஃபுல கிடைக்கப்போற சம்பளம், எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்துத்தான் எடுத்தா” என்று உங்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். அவளும் அப்படித்தான் சேர்ந்திருந்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. திருவனந்தபுரம் போனால் பாண்டி, சென்னை போனால் மலையாளி என்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற, கேரள எல்லையோர விளவங்கோட்டுப் பையன்களைப் பற்றித் தனி ஏடு போட்டதும் நீங்கள்தான். என் பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் இருக்கவில்லை.

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். நம் கடற்கரை ஊரான இனயத்தில் துறைமுகம் என்று 2016-ல் மத்திய அமைச்சரவை சொன்ன நாளிலிருந்து கடற்கரையில் கையெழுத்து என்றாலே சந்தேகம். “எதுக்கு மக்களே கையெழுத்து, துறைமுகத்துக்கா?” என்று கேட்ட பாட்டிகளிடம் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு விளக்கியிருக்கிறீர்கள். திருப்பலி முடிந்ததும் எங்களைப் பற்றி அறிவித்த பங்குத்தந்தைக்கும், மழையில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருந்த அண்ணனுக்கும், தையல் கடையில் இடம் ஒதுக்கித் தந்த அக்காவுக்கும் இதோடு சேர்த்து நன்றி.

இனி உங்களில் தூத்தூர்க்காரனுக்கு.

ஒக்கி புயல் அடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எந்த ஊர், எந்த வீடு என்று எழுத மாட்டேன். எனக்கும் நீ சொல்லவில்லை. பிளஸ் ஒன் படித்த பையன். தாளில் ‘தந்தை’ என்று போட்டு இரண்டு கட்டம்: உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார். 2017 நவம்பரில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் இறந்தவர். பையன் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, “இதுல டிக் போட்டா நானே சொன்ன மாதிரி ஆயிருமே அண்ணா” என்றான். நீ பேனாவை வாங்கி, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாய். பெயர் எதுவும் எழுதவில்லை. அவன் அதில் டிக் போட்டான். மிச்சக் கேள்விகளை நீ கேட்கவே இல்லை. உன் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘14 முதல் கேட்கவில்லை. சாயா குடித்தோம்.’

அரைகுறைத் தாள் என்று எல்லார் முன்னாலும் உன்னை ஏசினேன். தாளைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டேன். இருக்கிறாரா இல்லையா என்று முடிவே தெரியாத இந்த மாதிரித் துக்கத்துக்குத் தெளிவற்ற இழப்பு என்று அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் எப்போதோ பெயர் வைத்திருக்கிறார் என்பதை நான் படித்தறிந்தபோது நீ கொச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அவரைப் படிக்காமலேயே நீ செய்தாய். மன்னித்துக்கொள், மக்கா.

அப்போது 14416 கிடையாது, மனநல உதவிக்கான அந்த அரசு தொலைபேசிச் சேவை, டெலிமானஸ், 2022 அக்டோபரில்தான் வந்தது. யாராவது உடைந்து அழுதால் எங்கே அனுப்புவது என்று 104 சுகாதார உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு என ஒரு துண்டுச் சீட்டை நீங்களே எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அதையும் நான் சொல்லித் தரவில்லை.

போன் செய்தவளுக்கு: அந்தத் தாளை எடுத்துக்கொள். மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவர்களுடையதும்தான். குலசேகரத்துக்காரியின் பென்சில் வரியை விட்டுவிடாதே. தந்தை என்ற இடத்தில் மூன்று கட்டமாக அச்சடி. மூன்றாவதற்கு என்ன பெயர் போடுவது என்று தூத்தூர்க்காரனிடம் கேள். அவன் வெறுமனே விடச் சொன்னால் அப்படியே விட்டுவிடு.

அன்புடன்,
உங்கள் மிஸ்,
நாகர்கோவில்