கலாவுக்கு, குடியாத்தத்திலிருந்து

அன்புள்ள கலா,

ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. நீ போன் செய்தபோதும் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

செவ்வாய்க்கிழமை வேலூரில் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆனது. நீ வருஷா வருஷம் மனு போட்டு அலைகிறாயே, அந்த டிரான்ஸ்ஃபர் இல்லை. ஐ.வி.எஃப். முறையில் வெளியே உருவாக்கிய கருவைக் கர்ப்பப்பையில் வைத்திருக்கிறார்கள்.

தை மாதமே முடிந்திருக்க வேண்டியது. முட்டை எடுத்த அன்று 19 கிடைத்தது என்றதும் நாங்கள் குதித்தோம். ஆனால் டாக்டர், "இந்த மாதம் வேண்டாம், உறைய வைத்துவிடலாம்" என்றார். இவ்வளவு முட்டை வளர்ந்தால் வயிற்றில் நீர் கோர்க்குமாம். கருவை ஏற்கக் கர்ப்பப்பையைத் தயார் செய்யும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனும் ரத்தத்தில் முன்கூட்டியே ஏறியிருந்தது. அப்படி ஏறினால் கர்ப்பப்பையின் உள்சுவர் கருவை முந்திக்கொண்டு ஓடிவிடும், கரு வந்து சேரும்போது ஒட்டும் பருவம் போயிருக்கும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடியாத்தம் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது புரிகிறது. 1978-இல் கல்கத்தாவில், இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தைக்குக் காரணமான டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் செய்ததும் இதுதான். கருவை 53 நாள் உறைய வைத்து, வேறொரு மாதத்தில் வைத்தார். குழந்தை பிறந்தது. அன்றைக்கு அவரை யாரும் நம்பவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த முறை உள்சுவர் 8 மில்லிமீட்டர் தடிமன் வந்ததும் வியாழக்கிழமை ஊசி தொடங்கினார்கள். அதே புரோஜெஸ்டிரான்தான், எண்ணெயில் கரைத்தது, இடுப்பில் போடுவது. போட்ட இடமெல்லாம் கட்டி கட்டியாக, தினமும் வெந்நீர் ஒத்தடம். ஆறாம் நாள் செவ்வாய்.

காலண்டரைப் பார்த்த அத்தை, "அஷ்டமியா? மறுநாள் நவமி. வியாழக்கிழமை தசமியில் வைக்கச் சொல்லேன்" என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று இவரும் அம்மா பக்கம் சாய்ந்தார். அவர்களை அழைத்துக்கொண்டு போய் டாக்டரையே கேட்கச் சொன்னேன். "முதல் ஊசி போட்ட அன்றே சுவரின் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டதம்மா. அது கருவை ஏற்பது சில நாள்தான். இது ஐந்து நாள் வளர்ந்த கரு, சுவரும் ஐந்து நாள் மருந்து வாங்கியிருக்க வேண்டும்" என்றார். மூன்று நாள் கருவாக இருந்தால் நாளும் முன்னால் வருமாம். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அதுக்கு அதுதான் நல்ல நேரம்" என்றார். கலா, அந்த ஒரு வார்த்தைக்கு அவருடைய எல்லாப் பேச்சையும் மன்னித்துவிட்டேன்.

சிறுநீர் முட்ட முட்டப் படுத்திருந்தேன். ஸ்கேன் திரையில் மினுக்கென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அது கரு இல்லை, கூடப் போன காற்றுக் குமிழி என்றார் நர்ஸ். இருந்தாலும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

எல்லாம் பொருந்தினாலும் தங்காமல் போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பயமாக இருக்கிறது. இவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளி ரத்தப் பரிசோதனை. அன்று நீ போன் செய்யாதே, நானே கூப்பிடுகிறேன். கௌரியிடம் மூச்சு விடாதே, அவளுக்குத் தெரிந்தால் ஆம்பூர் வரைக்கும் தெரிந்துவிடும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எப்படியும் வா, எதுவானாலும் அன்று நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உன்,
வசந்தி