வன்னியை வழியில் கடக்கும் இடமாக மட்டும் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் வடமாகாணச் சுற்றுலா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் நல்லூரும் நயினாதீவும் கீரிமலையும் விரிவாக இடம்பெற்றிருந்தன. வன்னிக்கோ, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவதைச் சொல்லும் ஒரு வரிதான் கிடைத்தது. மாகாணத்தின் 8,884 சதுர கிலோமீற்றரில் யாழ்ப்பாண மாவட்டம் 1,025 மட்டுமே. மற்ற நான்கு மாவட்டங்களின் பெரும்பகுதி வன்னிப் பெருநிலமே என்பதை நினைத்தால், அந்த ஒரு வரி மனத்தை வருத்துகிறது.

இந்நிலத்தை அறிய விரும்புபவர் முதலில் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். வன்னி ஆறுகள் மாரியில் பெருகிக் கோடையில் வற்றுபவை. எனவேதான் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவும், பாலியாற்றை மறித்து வவுனிக்குளமும், பேராற்றை மறித்து முத்தையன்கட்டும் அமைந்தன. மன்னார்ப் பக்கத்தில் அருவியாற்று நீர் தேக்கம் அணைக்கட்டிலிருந்து கட்டுக்கரைக்குளத்துக்கு வருகிறது. மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் குளங்கள் நிறைந்திருக்க, மாரி மழையோடு விதைத்த காலபோக வயல்களில் அறுவடை நடக்கும். வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைகளையும் அப்போது காணலாம். சுற்றுலாப் பயணங்களோ கோடையில் வரும் நல்லூர்த் திருவிழாவையும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவையும் ஒட்டியே ஒழுங்கு செய்யப்படுகின்றன. வறண்ட வெளியை மட்டும் கண்டு, இங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்களிடம் குற்றமில்லை. காலத்தைச் சொல்லாமல் இடத்தை மட்டும் எழுதுகிறவர்களே அதற்குப் பொறுப்பு.

வன்னி மக்களையும் ஒரே வகையினராக எழுதிவிட முடியாது. பரம்பரையாகக் குளங்களை அண்டி வாழ்பவர்களோடு, குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களும், 1990இல் வெளியேற்றப்பட்டு நீண்ட காலத்தின் பின் மன்னாரின் முசலிக்குத் திரும்பிய முஸ்லிம்களும் இங்கே வாழ்கிறார்கள்.

மாங்குளத்தில் ஏ9ஐ விட்டுக் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோவில் வரும். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னி மன்னன் பண்டாரவன்னியன், அதே ஆண்டில் தோற்கடிக்கப்பட்டதாக ஆங்கிலேயர் கல் நாட்டிய கற்சிலைமடுவும் அங்கே அருகில்தான் உள்ளது. அப்பால் முள்ளியவளை. அங்குள்ள காட்டா விநாயகர் கோவிலில், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னர், முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். நந்திக்கடல் என்னும் களப்பின் ஓரத்து வற்றாப்பளையில் பொங்கலன்று கூடும் சனத்தைக் கண்டவர் எவரும் வன்னியைக் காடு என்று மட்டும் சொல்லமாட்டார்.

அந்த நந்திக்கடலைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2009இல் உறவுகளை இழந்தவர்கள் இன்றும் அதன் கரையில் வாழ்கிறார்கள்; அதே நீரில் இறால் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். போர் நடந்த இடத்தைப் பார்க்கவென்று வாகனங்களில் வந்து, அவர்களைக் கேளாமலே படம் பிடித்துச் செல்வதைச் சுற்றுலா என்று எந்த இதழும் ஊக்குவிக்கக் கூடாது.

மழைக்காலம் தொடங்குமுன் வன்னிக்கெனத் தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும். எழுதுபவர் கமக்காரர்களிடமும் கடற்றொழிலாளர்களிடமும் நேரில் கேட்டு எழுதுவதோடு, எந்த இடத்துக்கு எந்த மாதத்தில் வருவது நல்லது என்பதையும் ஒவ்வோர் இடத்துடனும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முள்ளியவளை வாசகர் ஒருவர்