திரும்பக் கொடுக்கும் நாள் இனி செவ்வாய்க்கிழமை: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. கூடாரம், வலை ஊஞ்சல், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, பெரிய குடை என்று வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்க ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்த முறை ஒரு விதியை மாற்றியிருக்கிறோம். வியாழக்கிழமை மாலை முதலே பொருளை எடுத்துக்கொள்ளலாம், செவ்வாய்க்கிழமை இரவு கடை மூடும் வரை திரும்பக் கொடுக்கலாம். வாடகை பழைய இரண்டு நாள் வாடகைதான். கோடை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது.

ஏன் இந்த மாற்றம் என்று கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிறீர்கள். நின்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால் எழுதிவிடுகிறோம்.

இதுவரை ஞாயிறு மாலை 6 மணிக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று வைத்திருந்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. ஈரக் கூடாரத்தைச் சுருட்டி வைத்தால் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாடை பிறகு எளிதில் போகாது. அன்றைக்கே வாங்கி, அன்றைக்கே காயப்போட்டால் துணி பிழைக்கும் என்று நினைத்தோம். துணியை நினைத்தோமே தவிர உங்களை நினைக்கவில்லை.

போன கோடையில் ஒரு ஞாயிறு, ஐந்தரை மணி இருக்கும். வாசலில் ஏழெட்டுக் குடும்பம் வரிசையில் நிற்கிறது. குழந்தைகளின் தலைமுடிகூடக் காயவில்லை, காலில் மணல் ஒட்டியிருக்கிறது. எல்லார் முகத்திலும் அலுப்பு. அவர்களில் ஒரு அம்மா நாற்காலிகளை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு மணிக்கே எல்லாத்தையும் அவிழ்த்துட்டோம். அப்பதான் வெயில் தாழ்ந்து காத்து வர ஆரம்பிச்சுது." அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது தைத்துவிட்டது. கோடையில் நாள் முழுக்கக் காத்திருந்து கிடைக்கிற நல்ல நேரம் நாலிலிருந்து ஏழு வரை. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் எங்கள் விதி ஒவ்வொரு வாரமும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எப்படி முடிகிறது என்பது சின்ன விஷயமல்ல. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முறை, 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு கூடுதலாக 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி அரை நிமிடத்தில் நீர் ஒரு டிகிரி மட்டும் சூடாகும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்ட சோதனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. மனம் ஒரு அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நினைவில் கொள்கிறது என்பது அவர்கள் சொன்னது. அப்படியானால் இரண்டு நாள் ஆனந்தமாக இருந்துவிட்டு, கடைசி மூன்று மணி நேரம் கயிறு அவிழ்த்து, மூட்டை கட்டி, சாலை நெரிசலில் நின்று, கடை வாசலில் முடிகிற வார இறுதி என்னவாக நினைவில் நிற்கும்? அதற்கு நாங்கள் காரணமாக இருக்க விரும்பவில்லை.

சரி, வியாழக்கிழமை எதற்கு? முன்பெல்லாம் சனி காலை ஏழு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். கூடாரத்தை எப்படி விரிப்பது என்று காட்டித்தர நேரமிருக்காது, வாங்கிக்கொண்டு ஓடுவீர்கள். வியாழன் எடுத்துப்போனால் வீட்டிலேயே ஒருமுறை விரித்துப் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் பாதி விடுமுறை அங்கேயே தொடங்கிவிடும். 2010இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் 1,530 பேரைக் கவனித்தார்கள். விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் கிளம்பும் முன்பே, போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் அந்த வித்தியாசம் மிஞ்சவில்லை. விடுமுறையை மிகவும் நிதானமாக, இளைப்பாறலாகக் கழித்தவர்களிடம் மட்டுமே வந்த பிறகும் கொஞ்சம் நின்றது. இதைப் படித்தபோது எங்கள் விதிப்பலகையை நிமிர்ந்து பார்த்தோம். காத்திருக்கும் சுகத்துக்கும் அதில் இடமில்லை, நிதானத்துக்கும் இடமில்லை.

ஐஸ் பெட்டிக்கும் இந்த ஒரு நாள் அவகாசம் உண்மையிலேயே வேண்டும். பெட்டி சரியாகக் குளிர்வதில்லை, மதியத்துக்குள் ஐஸ் கரைந்துவிட்டது என்பதுதான் நாங்கள் அதிகம் கேட்கிற குறை. பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இல்லை. 1 கிலோ ஐஸ் உருகுவதற்கு ஏறக்குறைய 334 கிலோஜூல் வெப்பம் தேவை, அதாவது அதே அளவு நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கும் வெப்பம். அந்தச் சக்தியை எதற்குச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை அப்படியே பெட்டியில் வைத்தால், அதை 5 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கே சுமார் 3 கிலோ ஐஸ் தீர்ந்துவிடும். சூடான பெட்டியின் சுவர் இன்னும் கொஞ்சம் தின்னும். அதனால் வெள்ளிக்கிழமை பாட்டில்களை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெட்டிக்குள்ளும் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வையுங்கள். காலையில் புது ஐஸ். பொடி ஐஸைவிடக் கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும். இடமிருந்தால் குடிக்கிற தண்ணீருக்கு ஒரு பெட்டி, சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள். தண்ணீர்ப் பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது திறப்பார்கள், அதைத் தடுக்கவும் வேண்டாம். சாப்பாட்டுப் பெட்டி வேளைக்கு ஒருமுறை திறந்தால் போதும். வெளியே எடுத்துவைத்த சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குமேல் அப்படியே விடக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். குழந்தைகள் இருக்கிற இடத்தில் இதில் மட்டும் கறாராக இருங்கள்.

வலை ஊஞ்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அறுந்து வந்த கயிறுகள் ஏறக்குறைய எல்லாமே இறுக்கிக் கட்டியவை. தொய்வாக இருந்தால் விழுந்துவிடுவோம் என்று பயந்து விறைப்பாகக் கட்டுகிறோம். நிஜத்தில் நடப்பது தலைகீழ். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவைதான் விழும். 10 டிகிரிக்கு இறுக்கினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 கிலோ. கோணம் பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு மீட்டர் கயிறு அரை மீட்டர் கீழே இறங்கினால் அது 30 டிகிரி. நன்றாகத் தொய்ந்த ஊஞ்சலில் கொஞ்சம் குறுக்காகப் படுங்கள், முதுகு வளையாமல் நேராகக் கிடக்கும். மரத்தில் மெல்லிய கயிறு வேண்டாம், கூடவே கொடுக்கிற அகலப் பட்டையைச் சுற்றுங்கள். மரத்தின் பட்டையில் காயம் படாது.

நடு வெயிலில் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும் நேரம். குடையடியில் உட்கார்ந்தாலும் மணல் அதில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அலை நுரை 25 சதவீதம் வரை. அந்த நேரம் தூங்குவதற்கு, படிப்பதற்கு, சும்மா கிடப்பதற்கு.

சும்மா கிடப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. போன கோடையில் ஒருவர் ஒரே ஒரு வலை ஊஞ்சலை மட்டும் எடுத்துப்போனார். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டோம். எங்கும் இல்லை, வீட்டு மாடியில் கட்டப்போகிறேன் என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கூச்சப்படவே வேண்டாம். வேறு ஊர் போய்த்தான் விடுமுறையைக் கழிக்க வேண்டும் என்றில்லை. எங்களிடம் பெரிய பட்டியலோடு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒன்று கேட்கிறோம்: இவ்வளவையும் தூக்கி, விரித்து, கழுவி, மடிக்கப் போவது யார்? பல வீடுகளில் அந்த ஒருவருக்கு விடுமுறையே இல்லை. அதனால்தான் பாதிப் பொருளை எடுக்க வேண்டாம் என்று நாங்களே சொல்லியிருக்கிறோம், இனியும் சொல்வோம்.

கடைப் பிள்ளைகளும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஞாயிறு இரவு ஒன்பது, பத்து வரை அவர்கள் கூடாரம் அலசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வு எல்லோருக்குமான உரிமை என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்திலேயே, 24ஆம் பிரிவில், எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களின் விடுமுறைக்காக உழைக்கிறவர்களுக்கும் அது சேர்த்துத்தானே.

இதில் எங்களுக்கு இழப்பும் உண்டு, மறைக்கவில்லை. வாரத்தில் இரண்டு கை மாறிய கூடாரம் இனி ஒரு கைதான் மாறும். இருப்பதும் குறைவு. அதனால் புதன்கிழமைக்குள் தொலைபேசியில் சொல்லி வைத்துவிடுங்கள், வியாழன் வந்து இல்லையென்று திரும்பக் கூடாது.

அப்புறம், பூஞ்சை விஷயம். நனைந்த கூடாரத்தை ஞாயிறு இரவு வீட்டுக்குள் எங்காவது விரித்தாற்போலப் போட்டு வையுங்கள், உறைக்குள் திணிக்க மட்டும் வேண்டாம். மழை பெய்து காயப்போட இடமில்லையென்றால் திங்கள் காலை அப்படியே கொண்டுவாருங்கள், நாங்கள் காயவைத்துக்கொள்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. கிளம்பும் முன், கூடாரத்துக்காகத் தரையில் அடித்த முளைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு. புல்லுக்குள் விட்டுவந்த முளை அடுத்து அங்கே வெறுங்காலோடு ஓடுகிற குழந்தையின் காலில் ஏறும்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள் அனைவரும்