சலேத் மாதா திருப்படம்: செயலாளரின் ஆண்டறிக்கை

வணக்கத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பு உறுப்பினர்களே,

கொடைக்கானல் மலையில் உள்ள நம் சிற்றாலயத்தின் பீடத்துக்கு மேலிருக்கும் திருப்படத்தைத் துப்புரவு செய்ததே இவ்வாண்டு நம் சங்கம் ஆற்றிய முதன்மையான பணியாகும். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

படத்தின் நடுவே சலேத் மாதாவும் அவருக்கு இருபுறமும் புனித அந்தோணியாரும், ஜான் தெ பிரிட்டோ என்னும் புனித அருளானந்தரும் நிற்கிறார்கள். மெழுகுதிரிப் புகையும் மலை ஈரமும் படிந்து முகங்களே மங்கிப் போயிருந்தன. அது போதாதென்று, பல ஆண்டுகளுக்கு முன் வர்ணம் தீட்ட வந்தவர் மாதாவின் மார்புச் சிலுவையைச் சுற்றிப் பூங்கொடி வரைந்து வைத்திருந்தார். அந்த மேற்பூச்சை ஈரப்பஞ்சால் சிறிது சிறிதாக ஒற்றி எடுத்தபோது, சிலுவையின் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் குறடும் தெரிந்தன. ஆணி அறையும் சுத்தியல் நம் பாவத்தையும், ஆணியைப் பிடுங்கும் குறடு மனமாற்றத்தையும் குறிக்கும் என்று பங்குத்தந்தை விளக்கியபோது, இத்தனை காலமும் இதை அறியாமல் அப்படத்தின் முன் முழந்தாளிட்டோமே என்று என் மனம் கலங்கியது.

1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள சலேத் என்னும் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரு சிறார்களுக்கு அழுத கண்ணோடு தோன்றிய அன்னை, உருளைக்கிழங்கு அழுகிப் போவதைப் பற்றியும் பேசினார். விதைக்கிழங்குக்குக் கடன் வாங்கி, மழை மிஞ்சி அழுகிய பாத்தியைக் கிளறிப் பார்த்த நம் பெரியவர்களுக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் 1866-இல் எழுந்த சலேத் மாதா ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழாவை இம்மலை மக்கள் தம் வீட்டு விழாவாகக் கருதுவதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்தோணியாரைச் செவ்வாய்க்கிழமைதோறும் தேடி வருவோர் பலர். காவி உடுத்த அருளானந்தரை அந்த அளவுக்கு நம் பிள்ளைகள் அறியவில்லை. இருவரும் லிஸ்பன் நகரில் பிறந்தவர்கள் என்பதைச் சொன்னபோது மறைக்கல்வி வகுப்பே வியந்தது. மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். அங்கிருந்து கொண்டுவந்த செம்மண்ணை இன்றும் சிமிழில் வைத்திருக்கும் மூதாட்டியர் நம் பங்கில் உண்டு.

2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தையும் இப்படத்தில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டனர். இல்லறத்தாராய் வாழ்ந்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவரை ஒரு மூலையில் நெருக்கி வரைவது முறையன்று. விலங்கிட்ட கோலத்தில் தனிப்படமே வேண்டும் எனப் பொதுக்குழு முடிவு செய்தது.

மெழுகுதிரித் தாங்கி வெளியே உள்ள கெபிக்கு, அதாவது குகை வடிவச் சிறு வழிபாட்டிடத்துக்கு, மாற்றப்பட்டுள்ளது. பீடத்தின் அருகே இனித் திரி ஏற்ற வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்